ஆடு தின்ற நாவல் தழை

இலுப்பைமரத்தூரில் செல்லியம்மாளுக்கு ஊரார் வைத்திருந்த பட்டப்பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதினால் மலையிறங்கி வந்து என் சட்டையைப் பிடித்துவிடுவாள், எதற்கு வம்பு? அது அவளுடைய வாயைப் பற்றியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பேர்ப்பட்ட வாய் அது. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்கு மேலே, சாமைக் கொல்லைகளுக்கும் புளியமரங்களுக்கும் நடுவே கொஞ்சம் கூரை வீடுகள், அவ்வளவுதான் ஊர். இந்தக் குன்றிலிருந்து அவள் குரல் கொடுத்தால் எதிர்க்குன்றில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். சாமை கதிர் பிடிக்கிற காலத்தில் மற்றவர்கள் பரண்மேல் ஏறித் தகரம் தட்டிப் பன்றி விரட்டுவார்கள். செல்லியம்மாள் தகரத்தைத் தொட்டதே இல்லை. பரணில் உட்கார்ந்தபடி பன்றியின் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து வைவாள். பன்றிகள் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். அதற்காகப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வந்து தோற்றுப்போவார்கள். புளி வாங்க வருகிற வியாபாரிகள், "அந்தம்மா வூட்ல இருக்குதா, கொல்லைக்குப் போயிருக்குதா?" என்று விசாரித்துக்கொண்டுதான் மூட்டையைத் தொடுவார்கள்.

இத்தனைக்கும் கெட்ட மனசுக்காரி இல்லை. யார் வீட்டு அடுப்பு எரியவில்லையோ அங்கே இவள் வீட்டுக் கேழ்வரகு மாவு முதலில் போய்ச் சேரும். கூடவே வசவும் போகும், அது வேறு விஷயம். புருஷன் அருணகிரி அவளுக்கு நேர் எதிர். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசிவிட்டால் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். இருவருக்கும் ஒரே மகள் செந்தாமரை. பேச்சில் அப்பனையும் பிடிவாதத்தில் ஆத்தாளையும் கொண்டு பிறந்தவள்.

இனி அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊருக்குள் நுழைகிற பாதையில் எல்லைக்கல் ஒன்று நிற்கிறது. மதில் கிடையாது, வேலி கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், உச்சியில் கொஞ்சம் மஞ்சள். வெளியே இருந்து வருகிறவர் யாராயிருந்தாலும், இங்கேயே பிறந்து வேறு ஊருக்கு வாழப்போன பெண்ணாகவே இருந்தாலும், வழியில் ஒரு பச்சைத் தழையை ஒடித்துவந்து அந்தக் கல்லடியில் போட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற உறவுக்காரர் வந்து "வா" என்று கூப்பிட வேண்டும். அதுவரைக்கும் வந்தவர் அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. கூப்பிட்டவர் அந்தத் தழையை எடுத்துக்கொண்டுபோய்த் தன் கூரையில் செருகிவைப்பார். அன்றிலிருந்து வந்தவர் அந்த வீட்டு ஆள், அவருக்கு ஒன்று என்றால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். வாழப்போன பெண் திரும்பி வந்தால் பெற்றவள்தான் கூப்பிட வேண்டும். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது வேறு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட முடியாது.

செந்தாமரையைத் தன் அண்ணன் மகன் பஞ்சாட்சரத்துக்குக் கொடுப்பதாகச் செல்லியம்மாள் அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். மகளைக் கேட்டாளா? கேட்டால்தானே! புளி ஏற்ற வந்த லாரியோடு ராஜாக்கண்ணு என்கிற ஆற்காட்டுக்காரன் வந்தான். மூட்டையைப் பார்த்த நேரத்தைவிடச் செந்தாமரையைப் பார்த்த நேரம்தான் அவனுக்கு அதிகம். அடுத்த வருஷமும் அவனே வந்தான். எமர்ஜென்சி முடிந்து எலெக்ஷன் நடந்த வருஷம் அது. லாரி மலையிறங்கிப் போன மறுநாள் செந்தாமரையைக் காணோம்.

சித்திரை பிறந்ததும் கழுத்தில் தாலியோடு இரண்டு பேரும் மலையேறி வந்தார்கள். செந்தாமரை முறை தவறாமல் நாவல் தழை ஒடித்துவந்து கல்லடியில் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனியாமல் நின்றாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்றான். ஊரே கூடிவிட்டது. கல்லுக்கு இந்தப் பக்கம் செல்லியம்மாள், அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவள் அண்ணன்.

வைவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. வைதிருந்தால்தான் தேவலையே! வைது முடித்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "வந்து தொலை" என்று சொல்லியிருப்பாள். ஆனால் அன்றைக்குப் பார்த்து அந்த வாய் திறக்கவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், தன்னைக் கேட்காமல் போய்விட்டாளே என்ற எரிச்சல் ஒரு பக்கம், ஊர் பார்க்கிறதே என்ற ரோஷம் இன்னொரு பக்கம். ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி இரண்டு தரம் தொண்டையைச் செருமிப் பார்த்தார். அருணகிரி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காலை வெயிலில் வந்து நின்ற பெண், கல்லின் நிழல் மறுபக்கம் திரும்புகிற வரைக்கும் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தழை அங்கேயே கிடந்தது. கூப்பிட்டவர்தான் அதை எடுக்க வேண்டும், வேறு யார் தொடுவார்கள்? இலை காய்ந்து உதிர்ந்தது. குச்சி கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு மழை அதையும் அடித்துக்கொண்டு போயிற்று. செல்லியம்மாள் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கல்லுக்கு மறுபக்கமாகச் சுற்றித்தான் போவாள். கேட்டால் அங்கே முள் இருக்கிறது என்பாள். முள்ளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

வருஷங்கள் போயின. பஞ்சாட்சரம் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளையும் பெற்றுவிட்டான். அண்ணன் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "உம் பொண்ணு எப்பிடி இருக்குதாம்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீதானே அன்னைக்குக் கையைக் கட்டிக்கினு என் பின்னால நின்னே?" என்று அவர்மேல் பாய்ந்தாள் செல்லியம்மாள்.

"நான் என் கையைத்தானே கட்டினேன்? உன் வாயை யாரு கட்டினது?" என்றார் அவர்.

 யாருக்கும் பதில் சொல்லாமல் அவள் எழுந்துபோனது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். அருணகிரியோ ஒருநாளும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னவரில்லை. சாப்பிடும்போது சில நாள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்ப்பார். அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றது.

இப்படியே இருந்த கதை ஒரு வைகாசி மாதத்தில் புரண்டது. மலைக்குச் சரக்கு ஏற்ற வருகிற ஜீப்காரர் தீர்த்தகிரி வண்டியை நிறுத்திவிட்டு நேராகச் செல்லியம்மாள் வீட்டுக்கு வந்தார். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, உம் பொண்ணைப் பாத்தேன், ஆற்காட்டுல. முழுகாம இருக்குது. ஏழாம் மாசமாம்."

முறம் அப்படியே நின்றது. "இன்னா சொன்னே?"

"வயித்தைத் தள்ளிக்கினு பஜாருக்கு வந்துது. எங்கம்மா எப்பிடி இருக்குதுண்ணான்னு கேட்டுது."

"நீ இன்னா சொன்னே?"

"வாய் அப்பிடியேதான் இருக்குதுன்னு சொன்னேன். சிரிச்சிது. அப்புறம் முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிச்சி."

செல்லியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "வூடு எங்கன்னு கேட்டியா?"

"டெல்லி கேட்டு தாண்டினதும் ஒரு சந்து, அதுல ஓட்டு வூடு."

"எம் பொண்ணு வூட்டுக்கு வழி கேட்டா எனக்கு டில்லிக்கு வழி சொல்றியா?"

"அய்யோ யக்கா, அது ஆற்காட்டுலயே இருக்குது. நவாபு காலத்துக் கோட்டை வாசல். கோட்டை போயிட்டுது, வாசல் மட்டும் நிக்குது."

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அந்த உரிமையைப் பெண்ணும் விடமாட்டாள், பெற்றவளும் விடமாட்டாள். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கூப்பிடுவது? அதற்கும் முன்னால் இன்னொன்று இருந்தது. ஆற்காடு மகள் வாழ்கிற ஊர், செல்லியம்மாளுக்கு எந்த ஊரானாலும் முறை ஒன்றுதான். அந்த ஊர் வாசலில் தழை போட்டுவிட்டு நிற்க வேண்டியது இப்போது அம்மாவின் முறை. "வா" என்று சொல்ல வேண்டியது மகள். செந்தாமரை வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டால்? நின்றாலும் அவளை என்ன சொல்ல முடியும்? வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்படி என்று கற்றுக்கொடுத்ததே யார்? 

ஆனாலும் புறப்பட்டாள். புடைத்த சாமை ஒரு சின்ன மூட்டை, மகளுக்கு வாய்க்கு ருசியாகப் புளியும் உப்பில் ஊறிய நெல்லிக்காயும், மருமகனுக்கு ஒரு பலாப்பழம். கைகால் விளங்காமல் போக என்று இத்தனை வருஷமும் சபித்த அதே மருமகனுக்குத்தான்! எல்லைக்கல்லைத் தாண்டியதும் நாவல் மரத்தில் ஒரு கொத்து ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். டவுனில் எந்த மரம் இருக்குமோ, யார் கண்டது?

அருணகிரி ஜீப் வரைக்கும் மூட்டையைத் தூக்கிவந்து கொடுத்தார். வண்டி கிளம்புகிற நேரத்தில், "பேசிட்டு வா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஜீப்பில் மலையிறங்கி ஆலங்காயம் வருகிற வரைக்கும் அந்த இரண்டு வார்த்தையையும் அவள் மனசுக்குள் புரட்டிக்கொண்டே வந்தாள்.

வாணியம்பாடியில் பஸ் மாறினாள், வேலூரிலும் மாறினாள். பலாப்பழம் பழுத்த பழம். அதன் வாசனை பஸ் முழுக்க ஏறிவிட்டது. கண்டக்டர் மூக்கைச் சுருக்கி, "யாருதும்மா இது? மேல கேரியர்ல போடு" என்றார். "உன் பஸ்ஸுல அடிக்கிற டீசல் நாத்தத்துக்கு இது சந்தனம்யா. எம் மருமவனுக்கு எடுத்துக்கினு போறேன், மடியிலதான் வரும்" என்றாள் செல்லியம்மாள். மருமவன் என்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. பழம் மடியிலேயே வந்தது.

ஆற்காட்டில் இறங்கிக் கேட்டுக் கேட்டு நடந்தாள். பாலாற்றங்கரைப் பக்கம் அந்த வாசல் நின்றது. பெரிய வளைவு, உயரமான செங்கல் சுவர், காரை பெயர்ந்த இடத்திலெல்லாம் செங்கல் தெரிந்தது. மேலே மாடம் மாதிரி ஓர் அறை, அதன் பொந்துகளில் புறாக்கள். உச்சியில் புல் முளைத்துக் காற்றில் ஆடியது. இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் போன இடம் தெரியவில்லை. ஜனங்கள் வளைவுக்குள் புகுந்தும் போனார்கள், அவசரக்காரர்கள் பக்கவாட்டில் சுற்றியும் போனார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. செல்லியம்மாள் நின்றாள்.

அவளுக்கு அந்த வாசலைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஊர் என்றால் இப்படி ஒரு எல்லை இருக்க வேண்டும், நம் ஊரில் கல், இவர்கள் காசுக்காரர்கள், ஆகவே கட்டடமே கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மடியிலிருந்து நாவல் தழையை எடுத்து வளைவின் காலடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். மூட்டையையும் பலாப்பழத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

வளைவின் வெளிப்பக்க நிழலில் கூடையில் அவித்த வேர்க்கடலை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பெயர் முனியம்மா. கொஞ்ச நேரம் பார்த்தாள், பொறுக்கவில்லை.

"இன்னாமா, யாருக்குக் காத்துனு கீறே?"

"எம் பொண்ணுக்கு. அவ வந்து கூப்பிட்டாத்தான் உள்ள போவணும்."

"உள்ளயா? எதுக்குள்ள?" முனியம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கு உள்ள வெளிய இன்னாமா கீது? செவுரே இல்லியே! அந்தாண்ட சுத்திக்கினு போயேன்."

"செவுரு இல்லாட்டி இன்னா? வாசல் இருக்குது இல்ல? எங்க ஊருக் கல்லுக்கு மட்டும் செவுரா இருக்குது?"

முனியம்மா அவளுடைய வெறுங்காலைப் பார்த்தாள், தழையைப் பார்த்தாள். சட்டென்று முகம் மாறியது. "இரு இரு. நீ மலையிலேந்து வர்றியா? ராஜாக்கண்ணு பொண்டாட்டி உனக்கு இன்னா ஆவுது?"

"எம் பொண்ணு."

"அடி ஆத்தீ! அந்தப் பொண்ணும் இதே எடத்துல இப்பிடித்தாம்மா நின்னுது! கல்யாணம் ஆயி மொத மொத வந்தப்போ. தழையைப் போட்டுட்டு, செருப்பைக் கயட்டிட்டு. அவன் வா வான்றான், அது நகர மாட்டேன்னுது. கூட வந்தவன் கூப்பிட்டா ஆவாதாம், இந்த ஊர்ல ஒரு பொம்பள கூப்பிடணுமாம். அவனுக்குச் சொந்தம்னு யாரும் கெடையாது, கையைப் பெசையறான். எனக்கு இன்னா தெரியும்? வெயில்ல பொண்ணு வாடுதேன்னு, 'உள்ள வாம்மா, ஏன் நிக்கிறே'ன்னேன். உடனே கண்ணுல தண்ணி வச்சிக்கினு வந்துடுச்சி. அந்தத் தழையை என் கையில குடுத்து, கூரையில சொருவுன்னுது. இன்னும் எங்க வூட்டு ஓட்டுலதான் கீது."

 மலையை உதறிவிட்டுப் போனவள் என்று ஊர் பேசியதே, செல்லியம்மாளும்தானே பேசினாள்! பெற்றவள் சொல்லாத வார்த்தையைக் கடலைக்காரி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முனியம்மாவின் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, அவளைப் பிடித்து அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அப்ப நானே உன்னையும் கூப்புடறேன், வா" என்றாள் முனியம்மா.

"நீ கூப்பிட்டா ஆவாது தாயி. எம் பொண்ணு இருக்கிறப்ப அவதான் கூப்பிடணும்."

"இன்னா ரூலோ! சரி, கடையைப் பாத்துக்க. நானே போயி இட்டாறேன்." கூடையை அவளிடம் விட்டுவிட்டு முனியம்மா வளைவுக்குள் புகுந்து போனாள்.

சும்மா நிற்கத் தெரிந்தவளா செல்லியம்மாள்? உள்ளே பயம் குடைந்தது. பயம் வந்தால் அவளுக்குக் குரல் வந்துவிடும். "கடலை! சூடான கடலை! இன்னாய்யா பாத்துக்கினே போறே, கண்ணாலயே தின்னுடுவியா? வாங்கித் தின்னு!" ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. சைக்கிளில் போனவர்கள் இறங்கினார்கள். மில்லுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். மேலே புறாக்கள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவந்து உட்கார்ந்தன. கூடை வேகமாகக் காலியானது. அவள் கூடையின் அடியைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பின்னால் ஏதோ மெல்லுகிற சத்தம் கேட்டது.

திரும்பினாள். யாருடையதோ ஒரு வெள்ளாடு. அதன் வாயில் நாவல் தழையின் கடைசிக் காம்பு.

"அடப் பாழாப்போற ஆடே!" என்று பாய்ந்தாள். ஆடு இரண்டு எட்டு நகர்ந்து நின்று, அவளைப் பார்த்துக்கொண்டே மென்றது. மலையில் பன்றிகள் பயப்படுகிற வாய்க்கு டவுன் ஆடு பயப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து வளைவுக்கு அந்தப் பக்கம் செந்தாமரை வந்து நின்றாள்.

மெலிந்திருந்தாள். வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. பக்கத்தில் முனியம்மா. செந்தாமரை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு வளைவின் காலடியைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"தழைகூடப் போட மனசு வரலியா?" என்றாள். "அன்னைக்கு நான் போட்டேன்."

செல்லியம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். கூப்பிட வேண்டியவளிடம் பேசக் கூடாது. ஆட்டை மட்டும் கையைக் காட்டினாள்.

"போட்டுதும்மா, நான் பாத்தேன்!" என்று முனியம்மா பதறினாள். "நான் கெளம்பினப்ப இங்கதான் கிடந்துது!" அதற்குள் அவளும் ஆட்டின் வாயைப் பார்த்துவிட்டாள்.

செந்தாமரையும் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஒரு கணம் துடித்தது. சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. ஆனால் உதடு இறுகிக்கொண்டது. அந்த வார்த்தை வரவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் அம்மா. ஜனங்கள் நடுவில் வந்தார்கள், போனார்கள். செங்கல் தரையின் சூடு செல்லியம்மாளின் உள்ளங்காலில் ஏறியது. இப்படித்தானே சுட்டிருக்கும்? இப்படித்தானே எதிரில் நிற்கிற முகத்தையே பார்த்துக்கொண்டு, இதோ சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று நின்றிருப்பாள்? நிற்கிறது இவ்வளவு கஷ்டம் என்று கல்லுக்கு உள்ளே நின்றவளுக்கு அன்றைக்குத் தெரியவில்லையே! அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மகளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க வந்து நிற்கிறாள். ஆனால் அதற்கு முந்திய வார்த்தை இன்னும் அவள் வாயிலேயே இருக்கிறது.

வழக்கமாவது ஒன்றாவது!

"செந்தாமரை, வாடீ" என்றாள். "வூட்டுக்கு வா."

குரல் உடைந்திருந்தாலும் கனமாகத்தான் வந்தது. கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செந்தாமரை திகைத்துப்போனாள். "இன்னாம்மா இது? நீ வெளிய நின்னுக்கினு என்னைக் கூப்பிடறே! இங்க நான்தானே கூப்பிடணும்?"

"நீ கூப்பிடு, கூப்பிடாம போ, அது உன் இஷ்டம். அன்னைக்குக் கல்லாண்ட சொல்லியிருக்க வேண்டியது இது. அஞ்சு வருசமா தொண்டையிலயே நிக்குது, சோறு எறங்க மாட்டேன்னுது. சொல்லிட்டேன். இப்ப நீ என்னைத் திருப்பி அனுப்பினாலும் நான் போய்டறேன்."

செந்தாமரை வளைவுக்குள் நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். கனத்த வயிற்றோடு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்ப ஏம்மா பேசலை? ஏன் பேசலை?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். செல்லியம்மாள் அவள் முதுகைத் தடவினாள். "புத்தி கெட்டுப்போச்சு கண்ணு. ஊரு முழுக்கப் பேசற வாய், உனக்குன்னு வந்தப்ப அடைச்சிக்கிச்சி" என்றாள். வயிற்றுக்குள்ளிருந்து குழந்தை ஓர் உதை விட்டது. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள்.

பிறகு செந்தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் வளைவைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.

"எத்தினி தடவைம்மா போவே, வருவே? வயித்துப்புள்ளக்காரி!" என்றாள் முனியம்மா.

"சும்மா இரு யக்கா. முறையா கூப்பிடணும்" என்றாள் செந்தாமரை. நேராக நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாம்மா. உள்ள வா" என்றாள்.

செல்லியம்மாள் வலது காலை எடுத்து வைத்து அந்தப் பழைய வாசலுக்குள் நுழைந்தாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நவாப் கட்டினாரோ யார் கட்டினாரோ, கட்டினவர் நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். கூரையில் செருகத் தழை இல்லையே என்று செந்தாமரை தேடினாள். பலாப்பழத்தின் காம்பில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம், இப்போது வேலை பார்க்கிற ரைஸ் மில்லிலிருந்து ராஜாக்கண்ணு வீட்டுக்கு வந்தான். ஓட்டு இடுக்கில் பலா இலையையும் உள்ளே மாமியாரையும் ஒன்றாகப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏன் நிக்கிறீங்க? வாங்க" என்றாள் செல்லியம்மாள்.

"இல்ல அத்தை, நீங்க கூப்பிடணுமேன்னு..." என்று தலையைச் சொறிந்தான் அவன்.

"இது உங்க வூடுய்யா!" என்று அவள் சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. பலாச்சுளையை எண்ணெய் தடவிய கையால் எடுத்து எடுத்து அவன் தட்டில் போட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று மகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. செந்தாமரை கோபித்துக்கொண்டாள், பலிக்கவில்லை.

சில நாள் தங்கிவிட்டு செல்லியம்மாள் தனியாகத்தான் மலைக்குத் திரும்பினாள். "சேந்து போலாமே அத்தை, நானும் கொண்டுவந்து விடறேன்" என்று மருமகன் சொல்லிப் பார்த்தான். அது எப்படி? மகளோடு சேர்ந்து வந்தால் பெற்றவளும் கல்லுக்கு வெளியே அல்லவா நிற்பாள்? முன்னால் போய் உள்ளே நின்றால்தானே கூப்பிட முடியும்! இதை அவள் சொன்னபோது அவனுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் தலையாட்டினான்.

ஆனி கடைசியில் தீர்த்தகிரியின் ஜீப்பில் மகளும் மருமகனும் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குக் காலையிலேயே செல்லியம்மாள் எல்லைக்கல்லைக் கழுவி மஞ்சள் பூசிவிட்டாள். பக்கத்தில் அருணகிரி. அண்ணனும் வந்திருந்தார், இந்தத் தரம் கையைக் கட்டிக்கொள்ளாமல். ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி முறைப்படி தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

கீழே எங்கோ ஜீப் முனகுகிற சத்தம் கேட்டது. இன்னும் வளைவுகள் பாக்கி இருந்தன. வண்டி கண்ணில்கூடப் படவில்லை.

"செந்தாமரை! வாடீ! வூட்டுக்கு வா!" என்று செல்லியம்மாள் குரல் கொடுத்தாள். எதிர்க்குன்றில் மாடுகள் தலையைத் தூக்கின.

சக்கரவர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது அநியாயமா இருக்குது? பொண்ணு வந்து எறங்கல, தழை போடல, அதுக்குள்ள கூப்பிடறியே? வழக்கம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"தழை மெதுவா வரட்டும் கவுண்டரே. எம் பொண்ணு முதல்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டு, செல்லியம்மாள் மறுபடியும் கூப்பிட்டாள்.